கடைக்குப் போவதற்கு முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

வீட்டு வேலைக்கான கருவிகள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் வருகிற சின்னச் சின்ன வேலைகளை நாமே பார்த்துக்கொள்வது பற்றிப் போன இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: எந்தக் கருவியை வாங்குவது, அதில் எதைப் பார்த்து வாங்குவது? ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து, கடிதங்களைச் சுருக்கி, இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: புது வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. திரைச்சீலைக் கம்பி, அலமாரி, கண்ணாடி என்று மாட்டவேண்டியது நிறைய இருக்கிறது. கடையில் ஒரு பெட்டி பார்த்தேன், மொத்தம் 128 உருப்படி என்று மேலே எழுதியிருந்தது. அதை வாங்கிவிட்டால் வேலை முடிந்த மாதிரிதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த 128 எப்படி வந்தது என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்க்ரூ பிட் ஒரு நாற்பது, சாக்கெட் ஒரு வரிசை, குட்டி டப்பாக்களில் ஆணி, ஸ்க்ரூ, கொக்கி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணித்தான் அந்த நம்பர் வருகிறது. நீங்கள் அடிக்கடி கையில் எடுக்கப்போகிற சுத்தியலும் கட்டிங் பிளேயரும் அதற்குள் இருக்கும், ஆனால் பெட்டியின் மொத்த விலைக்குள் அடங்கவேண்டும் என்பதால் பெரும்பாலும் லேசான, மட்டமான இரும்பில் இருக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே பிளேயரின் வாய் கோணிக்கொள்ளும்.

அதே பணத்துக்கு ஏழெட்டுப் பொருளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வாங்குங்கள். ஐந்து மீட்டர் டேப், தலை மட்டும் 450 கிராம் அளவில் இருக்கிற, பின்பக்கம் ஆணி பிடுங்கும் கவை உள்ள சுத்தியல், ஸ்டார் முனையில் இரண்டு அளவு, தட்டை முனையில் இரண்டு அளவு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளேயர், வாயை அகட்டிச் சுருக்கிக்கொள்ளும் ஸ்பேனர் ஒன்று, கிடைமட்டம் பார்க்கிற ரசமட்டம் ஒன்று, பிளேடு மாற்றும் கத்தி. இதில் எது குறைகிறது என்பது அடுத்தடுத்த வேலை வரும்போது தானாகத் தெரியும், அப்போது அதை வாங்கிக்கொள்ளலாம்.

டேப் வாங்கும்போது நுனியில் இருக்கிற கொக்கியை ஆட்டிப் பாருங்கள். லேசாக முன்னும் பின்னும் நகரும். தளர்ந்துபோன டேப் என்று நினைத்துப் பலர் கடையில் திருப்பிக் கொடுக்கிறார்கள், சிலர் வீட்டுக்குக் கொண்டுவந்து ரிவிட்டைத் தட்டி இறுக்கிவிடுகிறார்கள், அதோடு அந்த டேப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். கொக்கியின் தகடு எவ்வளவு தடிமனோ, சரியாக அவ்வளவு தூரம் நகரும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே வரும், அளவு அதன் உட்பக்கத்திலிருந்து தொடங்கும். அலமாரிக்குள் சுவரில் முட்டக் கொடுத்து அளந்தால் கொக்கி உள்ளே போகும், அளவு வெளிப்பக்கத்திலிருந்து தொடங்கும். இரண்டு விதத்திலும் கணக்கு சரியாக வரும். பல டேப்புகளில் நாடாவின் தொடக்கத்தில் ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு என்று தரவகுப்பு அச்சிட்டிருக்கும். ஐந்து மீட்டர் நீளத்தில் இரண்டாம் வகுப்பு டேப் 1.3 மில்லிமீட்டர் வரை பிசகலாம், முதல் வகுப்பு 0.6 மில்லிமீட்டர் வரை. வீட்டு வேலைக்கு இரண்டாம் வகுப்பு தாராளம். எந்தக் குறியும் இல்லாத டேப்பைத்தான் யோசித்து வாங்கவேண்டும்.

கேள்வி: சார், அலமாரி மாட்டுவதற்குச் சுவரில் துளை போட்டேன், வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. அதே மெஷினை வைத்து ஜன்னலுக்கு மேலே போட்டால் பத்து நிமிடம் அழுத்தியும் நகக்கண் அளவுதான் போகிறது, பிட்டின் நுனி கருத்துவிட்டது. எல்லாச் சுவருக்கும் போதும் என்று சொல்லித்தான் இம்பாக்ட் ட்ரில் கொடுத்தார்கள். மெஷினில் கோளாறா?

பதில்: மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, சுவர்தான் வேறு. ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே பெரும்பாலும் மேல்சுவரைத் தாங்குகிற கான்கிரீட் உத்தரம், அதாவது லிண்டல், ஓடும், உள்ளே கம்பியும் இருக்கும். நீங்கள் முதலில் துளைத்தது செங்கல். ட்ரில் வாங்கப் போகிறவர்கள் எல்லாரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான், மாட்டப்போகிற இடத்தைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். பொத்பொத்தென்று உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் கேட்டால் ஜிப்சம் பலகை, மந்தமாகக் கேட்டால் பூசிய செங்கல், கணீரென்று கடினமாகத் திருப்பிக் கொடுத்தால் கான்கிரீட். தட்டியும் பிடிபடவில்லை என்றால் கண்ணில் படாத மூலையில் சின்னதாக ஒரு துளை போட்டு, விழுகிற தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், வெளிர் சாம்பலாக வந்துகொண்டே இருந்தால் கான்கிரீட், அல்லது கான்கிரீட் பிளாக்.

இப்போது மெஷினுக்கு வருவோம். இம்பாக்ட் ட்ரில்லுக்குள் பல் பல்லாக வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசிக்கொண்டு சுற்றும். ஒரு பல் இன்னொரு பல்லின்மேல் ஏறி இறங்கும்போது பிட் ஒரு குதி குதிக்கும். இப்படி நிமிடத்துக்கு 40,000 தடவைக்கு மேல்கூடக் குதிக்கும், ஆனால் ஒவ்வொரு குதியும் மிகச் சின்னது, அதுவும் நீங்கள் பின்னாலிருந்து அழுத்தினால்தான் நடக்கும். செங்கல்லுக்கு இது போதும். ரோட்டரி ஹேமர் என்று கேட்டால் வேறொரு மெஷின் தருவார்கள், பலர் வெறுமனே ஹேமர் என்றே சொல்வார்கள். அதற்குள் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு இரும்புக் குண்டைத் தள்ளி, அது பிட்டின் வாலில் போய் மோதும். நிமிடத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் அடிதான், ஆனால் ஒவ்வோர் அடியும் நிஜமான சுத்தியல் அடி. இதை அழுத்தவே வேண்டாம், நேராகப் பிடித்திருந்தால் போதும், கான்கிரீட்டில் 6 மில்லிமீட்டர் துளை சில நொடிகளில் இறங்கிவிடும்.

இந்த ஹேமருக்கான பிட்டின் வால் வேறு மாதிரி இருக்கும். 10 மில்லிமீட்டர் தடிமன், அதில் நான்கு பள்ளங்கள். எஸ்.டி.எஸ். பிளஸ் என்று பெயர். சாவி போட்டு இறுக்குகிற வேலை கிடையாது, தள்ளினால் 'க்ளிக்' என்று உட்காரும், லேசாக ஆடவும் செய்யும், பிட் முன்னும் பின்னும் நகரத்தான் அந்த இடம். அதனால் உங்களிடம் இருக்கிற உருண்டை வால் பிட்டுகள் இதில் ஏறாது. வாங்குகிற அன்றே 6, 8, 10 அளவில் ஒவ்வொன்று சேர்த்து வாங்கிவிடுங்கள்.

வருஷத்துக்கு நாலு துளை, அதுவும் செங்கல்லில் என்றால் இம்பாக்ட் ட்ரில் போதும். கூரையும் தூணும் எல்லாம் கான்கிரீட்டாக இருக்கிற வீட்டில் மின்விசிறி, அலமாரி, கைப்பிடிக் கம்பி என்று வேலை வந்துகொண்டே இருக்குமானால், 2 ஜூல் அடி ஆற்றல் உள்ள சின்ன ரோட்டரி ஹேமர் வாங்குங்கள். அடியை நிறுத்திவிட்டு வெறுமனே சுற்றவைக்கிற ஸ்விட்ச் அதில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், மரத்துக்கும் டைல்ஸுக்கும் அது வேண்டும்.

எந்த மெஷினாக இருந்தாலும் உண்மையில் சுவரைத் தொடுவது பிட்டின் நுனி மட்டும்தான். அங்கேதான் பலரும் காசை மிச்சம் பிடிக்கிறார்கள், எனக்கு இது பெரிய வருத்தம். சுவருக்கான பிட்டின் நுனியில் குறுக்கே ஒரு சின்னக் கார்பைடு தகடு பற்றவைத்திருக்கும், வெளிச்சத்தில் பார்த்தால் இரும்பின் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும். அந்தத் தகட்டின் மூலை மழுங்கினால் பிட் அதோடு சரி. உங்கள் பிட்டின் நுனி கருத்துவிட்டது என்கிறீர்கள், அந்த அளவுக்குச் சூடேறியிருந்தால் பற்றவைத்த இடமே தளர்ந்திருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். துளைக்கும்போது இரண்டு மூன்று தடவை பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டவிட்டால் சூடு குறையும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிட் சட்டென்று நின்று, சத்தமும் மாறினால் கம்பியில் முட்டிவிட்டது என்று அர்த்தம். மல்லுக்கட்டாதீர்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள்.

அப்புறம் பிளக், அதாவது ஸ்க்ரூ பிடித்து நிற்பதற்காகச் சுவர்த் துளைக்குள் செருகுகிற குழல். 1958-இல் ஆர்தர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் உருவாக்கிய விரியும் நைலான் பிளக்தான் இன்றைக்கு நாம் போடுகிற பெரும்பாலான பிளக்குகளுக்கு முன்னோடி. 6 நம்பர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட், ஆழம் பிளக்கின் நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல், அந்த ஆழத்தில் பிட்டின்மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கு அடையாளம் இருக்கும். துளையில் இருக்கிற தூளை வெளியே எடுக்காமல் பிளக்கைச் செருகினால் பாதியில் நிற்கும், சுத்தியலால் அடித்து இறக்கினாலும் பிடிப்பு இருக்காது. பிளக் துளைக்குள் தொளதொளவென்று இருந்தால் தீக்குச்சியைச் சேர்த்துச் செருகுவதை விட்டுவிட்டு, 8-க்கு மாறுங்கள்.

துளை போடும்போது கண்ணாடி போடுங்கள், முகத்துக்கு மேலே துளைக்கும்போது கட்டாயம். கான்கிரீட் தூளில் சிலிகா இருக்கிறது, அது நுரையீரலில் தங்கிவிடும், மருத்துவத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. என்.95 அல்லது எஃப்.எஃப்.பி.2 என்று எழுதியிருக்கிற மாஸ்க் வாங்குங்கள். கையுறை மட்டும் வேண்டாம், சுற்றுகிற பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: பேட்டரி ட்ரில் வாங்கலாம் என்று போனால் ஒன்றில் 18 வோல்ட், ஒன்றில் 20, ஒன்றில் 21 என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் 48 என்றுகூட இருந்தது, அதுதான் விலை குறைவு. எது சக்தி அதிகம்?

பதில்: 18-ம் 20-ம் 21-ம் ஒன்றேதான். உள்ளே இருக்கிறவை லித்தியம் செல்கள். ஒரு செல் வேலை செய்யும்போது சராசரியாக 3.6 வோல்ட் கொடுக்கும், முழுதாகச் சார்ஜ் ஏறியதும் 4.2 வரை காட்டும். ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் சராசரிக் கணக்கில் 18, உச்சக் கணக்கில் 21, நடுவில் ஒரு கம்பெனி 20 என்று போட்டுக்கொள்ளும். 12 வோல்ட் என்று விற்பதும் இப்படித்தான், மூன்று செல், சராசரி 10.8. பேட்டரியின் அடியில் பொடி எழுத்தில் சராசரி வோல்ட் அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். விலை குறைந்த அந்த 48-ஐயும் திருப்பிப் பாருங்கள், கைக்கு அடக்கமான பேட்டரியில் பதின்மூன்று செல்லுக்கு இடமே கிடையாது.

வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஆம்பியர்-அவர் இருக்கும். இரண்டையும் பெருக்கினால்தான் பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-அவர். 4 என்றால் இரட்டிப்பு, எடையும் ஏறும். வீட்டில் ஸ்க்ரூ போட, மரத்தில் துளைக்க 2 போதும், ஆனால் இரண்டு பேட்டரியாக வாங்குங்கள், ஒன்று சார்ஜில் இருக்கும்போது மற்றதில் வேலை நடக்கும்.

ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனியின் மெஷினில் பெரும்பாலும் ஏறாது. அதனால் முதல் பேட்டரியை வாங்கும்போதே அந்த வரிசையில் வேறு என்னென்ன கருவி வருகிறது, பழைய பேட்டரி புது மெஷினில் ஏறுகிறதா, தனிப் பேட்டரி எளிதாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அடுத்த கருவியைப் பேட்டரி இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம், செலவு நன்றாகக் குறையும். வாங்கிய பேட்டரியை முழுச் சார்ஜில் மாதக்கணக்காக வைக்காதீர்கள், காலியாகவும் போட்டுவைக்காதீர்கள். பாதிச் சார்ஜில் சூடு படாத இடத்தில் வைத்தால் நிறைய நாள் உழைக்கும்.

ட்ரில்லின் கழுத்தில் 1, 2, 3 என்று எண்கள் உள்ள வளையம் இருக்கும். நிறைய பேர் அதைத் தொடுவதே இல்லை. ஸ்க்ரூ இறுகியதும் தானாகக் 'கடகட' என்று விட்டுவிடுகிற கிளட்ச் அது. சின்ன எண்ணில் தொடங்கி, ஸ்க்ரூவின் தலை பலகையோடு சமமாக உட்காரும்வரை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பிளைவுட்டில் மரை அறுந்துபோகிற தொல்லை பாதி குறைந்துவிடும்.

கேள்வி: எந்த ஸ்டார் ஸ்க்ரூவைத் திருகினாலும் தலை தேய்ந்து வட்டமாகிவிடுகிறது. ஸ்க்ரூ மட்டமா, டிரைவர் மட்டமா?

பதில்: இரண்டும் நல்லதாகவே இருக்கலாம், ஜோடி பொருந்தாமல் இருக்கும். ஸ்டார் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. பிலிப்ஸ் வகையில் வெறும் கூட்டல் குறி. போசிடிரைவ் வகையில் கூட்டல் குறியின் நான்கு கைகளுக்கு நடுவே ஸ்க்ரூவின் தலையில் நான்கு மெல்லிய கோடுகள் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். பிட்டின் பக்கவாட்டில் பி.எச். என்றோ பி.இசட். என்றோ பொறித்திருப்பார்கள். போசிடிரைவ் ஸ்க்ரூவில் பிலிப்ஸ் முனையைப் போட்டால் பிடிப்பதுபோல் இருக்கும், அழுத்தம் கூடியதும் வழுக்கும்.

அளவும் முக்கியம். வீட்டில் வருகிற 3.5 முதல் 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூக்களுக்கு 2-ஆம் நம்பர். அதைவிடச் சின்னதற்கு 1. நீங்கள் 1-ஐ வைத்து எல்லாவற்றையும் திருகுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முனையைச் செருகிவிட்டு டிரைவரை லேசாக ஆட்டிப் பாருங்கள், அசைவே இல்லாமல் உட்கார்ந்தால் அதுதான் சரியான ஜோடி.

கேள்வி: என் மகன் கையால் பிடிக்கிற சின்ன ஆங்கிள் கிரைண்டர் வாங்கியிருக்கிறான். இரும்பு வெட்டுவதற்கு என்று சொன்னான். இப்போது பல் உள்ள மரம் அறுக்கும் பிளேடு ஒன்றையும் வாங்கி அதில் மாட்டப்போவதாகச் சொல்கிறான், காப்புத் தகடு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டான். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. இந்தப் பதிலை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, 100 மில்லிமீட்டர் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குக் குறையாமல் சுற்றும். உராய்ந்து வெட்டுகிற வட்டு பொருளைத் துளித்துளியாகத் தேய்த்துத்தான் எடுக்கும். பல் உள்ள பிளேடு அப்படிச் செய்யாது, ஒவ்வொரு பல்லும் மரத்தைக் கடிக்கும். ஒரு கணு வந்து பல் மாட்டினால் அவ்வளவு வேகமும் மெஷினைப் பின்னுக்கு எறியும், அது வந்து நிற்கிற இடம் உன் கை, தொடை, கழுத்து. மரம் அறுக்கும் மெஷினில் இதற்காகவே அடித்தட்டும் மூடுகிற காப்பும் இருக்கின்றன, கிரைண்டரில் அவை கிடையாது. மரத்துக்கு ஜிக்சா வாங்கு, இல்லை நல்ல கைரம்பம் ஒன்று வாங்கு.

காப்புத் தகட்டை இன்றைக்கே திரும்ப மாட்டிவிடு. வெட்டும் வட்டின்மேல் அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும், 100 மில்லிமீட்டர் வட்டில் பெரும்பாலும் 15,300 சுற்று என்று இருக்கும், அதாவது விளிம்பு நொடிக்கு 80 மீட்டர், மணிக்கு 288 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வட்டு உடைந்தால் துண்டுகளைத் தடுக்க இருப்பது அந்தத் தகடு ஒன்றுதான். வட்டு பெரிதாக ஆக அது தாங்குகிற சுற்று குறையும், 180 மில்லிமீட்டர் வட்டுக்கு ஏறக்குறைய 8,500-தான். காப்பைக் கழற்றிவிட்டு சின்ன மெஷினில் பெரிய வட்டை மாட்டினால் அது தாங்கும் வேகத்துக்கு மேலே ஓட்டுகிறோம் என்று அர்த்தம். வட்டின் நடுவில் ஒரு உலோக வளையம் இருக்கும், அதில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அந்தத் தேதி தாண்டிய வட்டை மாட்டாதே, ஒட்டியிருக்கிற பிசின் ஈரத்தில் நாளாக நாளாகத் தளரும். பக்கவாட்டுக் கைப்பிடியைப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து, வட்டின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நின்று வெட்டு. முகம் முழுக்க மறைக்கிற கவசமும் வேண்டும்.

கேள்வி: எனக்குக் கை சிறியது. கணவரின் ட்ரில்லைத் தூக்கி அரை மணி நேரம் வேலை பார்த்தால் மணிக்கட்டு விட்டுப்போகிறது. பெண்களுக்கென்று தனியாகக் கருவி வருகிறதா?

பதில்: நிறத்தை மட்டும் மாற்றிப் பெண்களுக்கு என்று விற்பதை நம்பி வாங்காதீர்கள், பிடியின் சுற்றளவும் எடையும் சமநிலையும்தான் விஷயம். கடையில் பேட்டரியை மாட்டச் சொல்லிவிட்டுக் கையில் வாங்குங்கள். பேட்டரி இல்லாமல் தூக்கிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பிடித்த கையின் கட்டைவிரல் நுனி நடுவிரலைத் தொடவேண்டும், ஆட்காட்டி விரல் நீட்டாமலே ட்ரிக்கரில் படவேண்டும். கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். முனை கீழே கவிழ்ந்தால் முன்பாரம் அதிகம், வேறொன்றைக் கேளுங்கள்.

வீட்டில் சுவரைத் துளைக்கிற வேலைக்குப் பெரியது இருக்கிறது, அதனால் உங்களுக்கென்று 12 வோல்ட் வகையில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பேட்டரியோடு சேர்த்து ஒரு கிலோ அளவில்தான் இருக்கும், அலமாரி பூட்ட, கீல் மாட்ட, மரத்தில் துளைக்க நன்றாக உழைக்கும். சுத்தியலிலும் இப்படித்தான், 450 கிராம் கனமாக இருந்தால் 300 கிராம் தலையை எடுங்கள், பிடியின் அடிப்பகுதியில் பிடித்து அடியுங்கள், வேகம் எடையை ஈடுகட்டிவிடும்.

கேள்வி: தொழிலை விட்ட ஒருவர் தன் கருவிகளை மொத்தமாக விற்கிறார். பழசு வாங்கலாமா?

பதில்: கைக்கருவி என்றால் யோசிக்காமல் போங்கள். பழைய உளி, இழைப்புளி, பெஞ்ச் வைஸ், பைப் ரெஞ்சு இவற்றில் பல இன்று புதிதாகக் கிடைப்பதைவிடத் திடமாக இருக்கும். மேலோட்டமான துரு எண்ணெயும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்தால் போய்விடும், குழிகுழியாக அரித்திருந்தால், அதுவும் உளியின் வெட்டு முனையில் அரித்திருந்தால், விட்டுவிடுங்கள். சுவர் உடைக்கும் உளியின் தலை அடி வாங்கி வாங்கிக் காளான் மாதிரி விரிந்திருக்கும், அந்த விளிம்பைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்தவேண்டும், இல்லையென்றால் அடிக்கும்போது சில்லு பறக்கும்.

மின் கருவியை ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரு நீளமான நேரான பிட்டை மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு நுனியைப் பாருங்கள், நுனி வட்டமடித்தால் பிட்டைப் பிடிக்கிற சக்கோ, அது உட்கார்ந்திருக்கிற தண்டோ கோணல். காற்றுத் துளை வழியாகப் பார்த்தால், சுற்றுகிற மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிற கார்பன் பிரஷ் இருக்கிற இடத்தில் சின்னச் சின்னப் பொறி தெரியும், அது சாதாரணம். பெரிய ஆரஞ்சு வளையமாகத் தீப்பொறி சுற்றினால் பிரஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது பிரஷ் உரசுகிற செப்பு உருளையான கம்யூட்டேட்டர் போய்விட்டது. பிரஷ் மலிவான சாமான், மாற்றிக்கொள்ளலாம், கம்யூட்டேட்டர் போயிருந்தால் அப்படி முடியாது, அதனால் பிரஷ்ஷைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒயர் மெஷினுக்குள் நுழைகிற இடத்தை வளைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். பழைய பேட்டரி மெஷினை மட்டும் நான் வாங்கமாட்டேன், லித்தியம் செல் சும்மா இருந்தாலும் வயதாகும், புதுப் பேட்டரி வாங்கினால் மொத்தச் செலவு புது மெஷினுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கேள்வி: ரசமட்டம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எங்கேயாவது வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், நடுவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதே இடத்தில் ரசமட்டத்தை முனைக்கு முனை திருப்பி வையுங்கள். குமிழி அதே பக்கத்தில், அதே அளவில் நின்றால் ரசமட்டம் சரி, தரைதான் சரிவு. எதிர்ப்பக்கம் போனால் ரசமட்டம் பொய். கடையில் நின்றபடியே ஐந்து நொடியில் செய்துவிடலாம். செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்துக்கும் இதே வழிதான். நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு போட்டு, புரட்டி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும்.

கேள்வி: வாட் அதிகம் இருந்தால் மெஷின் நல்லதா?

பதில்: வாட் என்பது மெஷின் இழுக்கிற மின்சாரம். அதில் எவ்வளவு முனைக்கு வந்து சேர்கிறது என்பது மோட்டாரையும் கியரையும் பொறுத்தது. 13 மில்லிமீட்டர் சக் உள்ள வீட்டு ட்ரில்லுக்கு 600 முதல் 750 போதும்.

கேள்வி: ஸ்விட்ச் போர்டு வேலைக்கு ஸ்க்ரூ டிரைவரின் கம்பியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் போதும்தானே?

பதில்: போதாது. டேப் நகரும், கிழியும். மின் வேலைக்கான டிரைவரில் கம்பி முழுக்க, நுனி மட்டும் தெரிகிற மாதிரி, காப்பு வார்த்தே வரும். அதில் 1000 வோல்ட் என்றும், இரட்டை முக்கோணக் குறியும், ஐ.இ.சி. 60900 என்றும் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். அந்த டிரைவர் கையில் இருந்தாலும் மெயினை நிறுத்திவிட்டுத்தான் திறக்கவேண்டும். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கிறது என்று தெரிந்த ஒரு பிளக் பாயின்ட்டில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள், பிறகு வேலை செய்யப்போகிற இடத்தில் வையுங்கள், பிறகு மறுபடி அந்தத் தெரிந்த பிளக்கில். நடுவில் டெஸ்டரே பழுதாகி எரியாமல் இருந்துவிட்டால் கண்டுபிடிக்க இதுதான் வழி. மெயினை நிறுத்தியபின் அந்தத் தெரிந்த பிளக் வேறு இணைப்பில் இருக்கவேண்டும் என்பதையும் கவனியுங்கள், அதற்கு வழியில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: குளியலறைக்கு நானே டைல்ஸ் போடப்போகிறேன். டைல் கட்டர், கலக்கும் மெஷின், பழையதை உடைக்கும் பெரிய ஹேமர் எல்லாம் வாங்கவேண்டுமா?

பதில்: எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிப் பாருங்கள். பழைய டைல்ஸை உடைக்கும் பெரிய ஹேமர் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள், அதன்பின் வருடக்கணக்கில் தூங்கும், எடையும் அதிகம், வைக்க இடமும் வேண்டும். அது வாடகைக்கு. கலக்கும் மெஷினும் அப்படியே. தள்ளி வெட்டுகிற கை டைல் கட்டரை வாங்கலாம், மின்சாரம் வேண்டாம், தூசி கிடையாது. ஆனால் அதன் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள், டைலின்மேல் கோடு கிழிப்பது அதுதான், மழுங்கினால் டைல் தன் இஷ்டத்துக்கு உடையும். சக்கரம் தனியாகக் கிடைக்கிற மாடலாக எடுங்கள்.

குழாய்க்கான வட்டத் துளைகளைச் சாதாரணச் சுவர்ப் பிட்டில் முயற்சி செய்யாதீர்கள். ஈட்டி முனைக் கார்பைடு பிட் மென்மையான செராமிக் டைலுக்கு ஒத்துவரும், விட்ரிஃபைடு டைலுக்கு வைரத்தூள் பதித்த குழாய் வடிவ பிட்தான். அடிக்கிற ஸ்விட்சை அணைத்துவிட்டு, குறைந்த வேகத்தில், தண்ணீர் தெளித்துக்கொண்டே. குழாய் பிட்டை முதலில் 45 டிகிரி சாய்த்து ஒரு பிறை மாதிரி கோடு விழவைத்து, பிறகு மெதுவாக நிமிர்த்தினால் வழுக்காமல் உட்காரும். தண்ணீரும் மின்சாரமும் சேர்கிற இடம் என்பதால் பேட்டரி ட்ரில்லை வைத்துச் செய்யுங்கள். மீந்துபோன துண்டு டைலில் இரண்டு துளை பழகிவிட்டு, அப்புறம் சுவருக்குப் போங்கள்.